பருத்திமாரில் செய்த கொடும்பாவி

முட்டை வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்ப்பதில்லை. முட்டையைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறார்கள், காதருகே வைத்து ஆட்டுகிறார்கள். பண்ணையிலிருந்து கடை வரைக்கும் அதை ஒரு காகித அட்டை தாங்கிக்கொண்டு வந்தது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. தாங்குகிற பொருளை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அது ஒழுங்காகத் தாங்குகிறது என்றுதான் அர்த்தம்.

என் வீட்டுக்காரர் பொன்ராஜ் எங்கே என்று கேட்கிறீர்கள் சார். சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் ஜீப் அனுப்புவதற்கு முன்னால் நானே பஸ் ஏறி வந்துவிட்டேன். ஆனால் இடத்தை மட்டும் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அட்டையிலிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும். மல்லாங்கிணற்றிலிருந்து வந்து புகார் கொடுத்த என் நாத்தனார் சுபத்ரா அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். அவருக்குத் தம்பிதான் முக்கியம்.

எங்கள் மில்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பந்தல்குடி தாண்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கொட்டகையும் பெரிய களமும் இருக்கும். மாமனார் காலத்தில் அருப்புக்கோட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் அந்தப் பேப்பரை எடைக்குப் போடாமல் முட்டை அட்டை செய்யலாம் என்றேன். கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான். படித்தது எதற்காவது ஆகட்டும் என்று நினைத்தேன்.

வேலை எளிதானது. பழைய பேப்பரைத் தொட்டியில் ஊறப்போட்டு, அரைத்துக் கூழாக்கி, கம்பி வலை போட்ட அச்சில் உறிஞ்ச வைத்தால் தண்ணீர் கீழே போய்விடும், அட்டை மேலே நிற்கும். வெயிலில் காயவைக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் வெயில் இருக்கிறது.

ஆனால் காகிதத்துக்கு ஒரு குறை உண்டு சார். ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் அதன் நார் குட்டையாகிவிடும். பள்ளிக்கூட நோட்டு அட்டையாகி, அட்டை மறுபடி அட்டையாகி, கடைசியில் கையில் எடுத்தால் தூளாகும். தூத்துக்குடிக்குப் போன ஒரு லோடு, வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அடியடுக்கு நொறுங்கி, லாரியே மஞ்சளாக ஒழுகியது. டிரைவர் போன் பண்ணிச் சிரித்தான். "அக்கா, வண்டி ஆம்லெட்டாயிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் காட்டுக் கழிவுகளைக் கலக்க ஆரம்பித்தேன். சோளத்தட்டை தண்ணீரைக் குடித்து ஊதியது. கடலைத்தோல் அட்டையை முறுக்கு மாதிரி மொறுமொறுப்பாக்கியது. பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கி எரிப்பார்களே, பருத்திமார், அதன் பட்டையில்தான் நல்ல நீள நார் இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து இடித்துச் சேர்த்தேன். தறிக்காரர்கள் பாவுக்குப் போடுகிற புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்தேன். ஈரம் ஏறாமலிருக்கக் குங்கிலியமும் படிகாரமும், கரையான் அரிக்காமலிருக்க வெண்காரமும். ஒவ்வொன்று சேர்க்கும்போதும் அட்டை என்னிடம் இன்னும் கொஞ்சம் கேட்பது போல இருந்தது.

சோதித்துப் பார்க்க எங்களிடம் மிஷின் கிடையாது. அட்டையைக் கவிழ்த்துப் போட்டு என் வீட்டுக்காரரை மேலே ஏறி நிற்கச் சொல்வேன். அவர் கனத்த உடம்புக்காரர். பேப்பர் படித்துக்கொண்டே நிற்பார். காகிதத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, நின்றபடியே தும்முவார். தும்மலிலும் அட்டை அசையாது.

"போதும் கஸ்தூரி. முட்டைக்கு இது ரொம்ப அதிகம்" என்பார்.

போதும் என்ற வார்த்தையை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். சோற்றுக்கு, சம்பாத்தியத்துக்கு, பேச்சுக்கு. அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே ஒருவர் போதும் என்று சொன்னால், மற்றவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

போன புரட்டாசி முடிந்தும் மழை இல்லை. புழுதியில் விதைத்த பருத்தியும் மக்காச்சோளமும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. எறும்புகள் அவற்றை நிதானமாக எடுத்துக்கொண்டு போயின. எங்கள் பக்கத்தில் இப்படியானால் கொடும்பாவி கட்டி இழுப்பது உங்களுக்குத் தெரியும். ஆளுயரத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, செருப்பாலும் விளக்குமாற்றாலும் அடித்துத் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து அழுது, சுடுகாட்டில் கொளுத்துவார்கள். இழுக்கிற இழுப்பில் ஒரு தெருவில் கை கழன்று விழும், இன்னொரு தெருவில் கால். அப்படிக் கழல்வதுதான் பாவம் கழல்வது. பிறகு மழை வரும்.

ஊர்ப் பெரியவர் பூமிநாதன் மில்லுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"தாயீ, எங்க காட்டுல கெடந்த தட்டை, மாரு, வைக்கோலு அம்புட்டையும் நீ வாங்கி அரைச்சிட்ட. கொடும்பாவி கட்டலாம்னா ஊருக்குள்ள ஒரு கத்தை இல்ல. மாட்டுக்கே இல்ல. நீயே ஒன்னு செஞ்சு குடுத்துரு."

அது நியாயமான பேச்சு. சரி என்றேன்.

முட்டைக்கு அச்சு இருந்தது, பாவிக்கு அச்சு இல்லை. புது அச்சு அடிக்கக் கோயம்புத்தூர் போக வேண்டும். வீட்டில் ஆளுயரத்தில் இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். களத்தில் அவரைப் படுக்க வைத்து, உடம்பின் மேல் கம்பி வலையைப் படிய வளைத்து, அதன் மேல் கூழை அப்பினேன். முதலில் முன்பக்கம், காய்ந்த பிறகு குப்புறப் போட்டுப் பின்பக்கம். மூச்சுவிட மூக்குத் துவாரத்துக்கு மட்டும் இடம் விட்டேன். மீசைக்கிட்டே வரும்போது தும்மிவிட்டார். அதனால் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியபடி நின்றுவிட்டது.

கூழுக்குள்ளிருந்து அவர் சொன்னார்: "கஸ்தூரி, இது முட்டை அட்டை இல்ல. இது உடையத்தான் வேணும். மாரு போடாத. வெறும் பேப்பர்ல செய்யி."

கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடைவதற்கென்று ஒரு பொருளை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது சார். தெரியாத வேலையைச் செய்து கெடுப்பதைவிடத் தெரிந்த வேலையை நன்றாகச் செய்வது மேல் என்று நினைத்தேன். அதுவரை யாரும் கலக்காத அளவுக்குப் பருத்திமார் நார் கலந்தேன். பசையும் குங்கிலியமும் வெண்காரமும் தாராளமாகப் போட்டேன். இரண்டு பக்கத்தையும் அவர் மேலிருந்து கழற்றி ஒன்றாக ஒட்டினேன். காய்ந்ததும் விரலால் தட்டினால் மரக்கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

இழுத்த அன்று ஊரே திரண்டிருந்தது. முத்துத்தாய் தலைமையில் பெண்கள் மாரடித்தார்கள். "பாவி மகனே போறியே, பருத்திக் காட்ட நனைச்சுட்டுப் போயேன்" என்று முத்துத்தாய் ராகம் போட்டாள். செத்தவனுக்குக் கொள்ளி வைக்க ஒரு மகன் வேண்டுமே, அதற்கு எங்கள் ஊர்ப் பையன் விஜயபாண்டி மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். நானும் அழுதேன். மற்ற பெண்களைவிடச் சுருதியாக அழுதேன் என்று பிறகு சொன்னார்கள்.

கிழக்குத் தெரு முடிந்தது, கை கழலவில்லை. மேலத் தெரு முடிந்தது, காலும் கழலவில்லை. செருப்புகள்தான் பிய்ந்தன. சுடுகாட்டில் கொளுத்தியபோது போட்டிருந்த சட்டை எரிந்தது, சுற்றியிருந்த கயிறு எரிந்தது. புகை அடங்கியதும் பார்த்தால் அது கொஞ்சம் கறுத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. பால்பாண்டி கடப்பாரையால் ஒரு போடு போட்டான். கடப்பாரை எகிறி அவன் முழங்காலில்தான் பட்டது.

"கெட்ட பய இவன். நெசமாவே பாவிதான்" என்றான் நொண்டிக்கொண்டே.

மறுநாள் மதன்குமாரும் அவன் கூட்டாளிகளும் அதை மெயின் ரோட்டில் குறுக்கே போட்டார்கள். சிமெண்ட் லோடு ஏற்றிய லாரி ஏறிப் போனது. அது நசுங்கி, மெல்ல மூச்சு இழுப்பது போல எழும்பி, பழைய உருவத்துக்கு வந்தது. மதன்குமார் அதைப் போனில் படம் பிடித்தான். லாரி டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. கொடும்பாவி அழிந்தால்தான் மழை வரும். நாள்கணக்கில் மழை பெய்து நனைந்து ஊறினால்தான் அந்தக் கொடும்பாவி அழியும். இந்த இரண்டுக்கும் நடுவில் விஜயபாண்டி மாட்டிக்கொண்டான். காரியம் முடியாததால் அவனுக்குத் தீட்டுக் கழியவில்லை. வீட்டுக்குள் போக முடியாது, கவுச்சி தொட முடியாது. "செத்தவன் எனக்கு என்ன முறைன்னே தெரியல, அவனுக்காக மீன் வாசம் புடிக்காமக் கெடக்கேன்" என்று கோவில் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

அந்த நாட்களில் எனக்குள் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரன் நெற்றியில் யாரோ ஈரத்துணி போட்டது போன்ற ஒரு குளிர்ச்சி. உலகத்தில் ஒரு பொருளாவது நான் சொன்னபடி நிற்கிறது.

மதன்குமார் பிடித்த படம் எங்கெங்கோ சுற்றி, நாமக்கல் பக்கத்தில் பெரிய முட்டை வியாபாரி ஜெயக்குமார் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் போன் பண்ணினார். முட்டை அட்டை மட்டுமில்லை, கோழிக் கொட்டகைக்குக் கதவே இதில் செய்யலாம் போலிருக்கிறதே, நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை அதை உடைத்துவிடாதீர்கள் என்றார்.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "நம்ம தொட்டியில கொதிக்கிற தண்ணியும் காஸ்டிக் சோடாவும் ஊத்தி அதப் போட்டா ஒரு பொழுதுல கரைஞ்சிரும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரு காஞ்சு கெடக்கு. போயிச் சொல்லிட்டு வாரேன்."

"ஜெயக்குமார் வந்து பார்த்துட்டுப் போகட்டுங்க" என்றேன்.

"அதுக்குள்ள வெதை செத்துரும்."

"வெதைக்கும் அட்டைக்கும் என்னங்க சம்பந்தம்? படிச்சவுக பேசுற பேச்சா இது?" என்றேன்.  அந்த நேரத்தில் என் பக்கம்தான் அறிவியல் இருந்தது.

ஆனால் அவருக்குச் சொல்லச் சந்தர்ப்பம் வருவதற்குள் ஊர் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டது. கோவில் முன்னால் கிடந்த கொடும்பாவியின் முகத்தைத் தங்கத்தாய் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏத்தா, இது நம்ம மில்லு அண்ணாச்சி மூக்குல்ல?"

பிறகு எல்லோரும் பார்த்தார்கள். தொந்தி அவருடையது. இடது காதின் மடிப்பு அவருடையது. பூமிநாதன் சொன்னார்: "அதான் அழிய மாட்டேங்குது. அசலு உசுரோட நடமாடுதுல்ல. உருவம் எப்படிச் சாகும்?"

இதில் ஓர் ஒழுங்கு இருந்ததை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். அதற்கப்புறம் டீக்கடையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவர் ஏறினால் ஷேர் ஆட்டோவிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டார்கள். யாரும் அவரைத் திட்டவில்லை. மரியாதையாகத்தான் ஒதுங்கினார்கள். "அவுக மேல கோவமில்ல, அவுக இருக்காகளேன்னுதான் வருத்தம்" என்று முத்துத்தாய் என்னிடமே சொன்னாள்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தொட்டியையும் காஸ்டிக் சோடாவையும் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் அன்று மாலையே அதைக் கரைத்துவிடுவார்கள். ஜெயக்குமார் வெறுங்கூழைத்தான் வந்து பார்ப்பார். நான் முந்திக்கொண்டேன்.

"பெரியவுகளே, எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாருன்னு வச்சுக்கிடுங்க."

 எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கஸ்தூரி, நான் இங்கதான நிக்கேன்" என்றார் அவர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றான் விஜயபாண்டி. "இன்னைக்காவது எனக்கு ஒரு வழி பொறக்கட்டும்."

நான் விளக்கினேன். உருவத்தை அழிக்க முடியாது, அது என் தரம். அசலை அழிப்பது பாவம், அது வேண்டாம். அசல் செத்துவிட்டதாக ஊர் ஒப்புக்கொண்டு, அந்த உருவத்தையே அவர் உடம்பாக வைத்து முறைப்படி அடக்கம் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். மழை வரும் வரைக்கும் அவர் ஊரார் கண்ணில் படாமல் மில்லுக்குள் இருந்துகொள்ளட்டும். பூமிநாதன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். படித்தவள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அடக்கத்தை வெள்ளிக்கிழமை ஜெயக்குமார் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு வைத்துக்கொண்டோம். அவர் கொடும்பாவியின் நெஞ்சில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முதல் மாலையும் போட்டார். வேட்டி சட்டை உடுத்தி, என் வீட்டுக்காரரின் கண்ணாடியையும் மாட்டி, சங்கு ஊதிக் கொண்டுபோனார்கள். எரியாது என்பதால் புதைத்தார்கள். விஜயபாண்டி குடம் உடைத்தான். சுற்றி நின்று என் தாலியைக் கழற்றினார்கள். நான் அழுத அழுகை பொய் இல்லை. நல்ல பொருளை மண்ணுக்குள் போட்டு மூடும்போது யாருக்கும் மனசு கேட்காது.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் களத்துக்குப் பின்னாலிருக்கிற பேப்பர் குடோனில் இருந்தார். தலையணையும் பேப்பரும் எடுத்துக்கொண்டு, தன் காலால்தான் நடந்து உள்ளே போனார். நான் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"மழை வர்ற வரைக்கும்தான?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

மழை அந்த வாரமே வந்தது. ஐப்பசியில் வருவதுதான். ஆனால் ஐப்பசியை யாரும் கும்பிடவில்லை, என்னைத்தான் கும்பிட்டார்கள். கண்மாய் நிறைந்தது. எறும்பு விட்டுவைத்த விதையெல்லாம் முளைத்தது. பூமிநாதன் ஒரு பிடி நாற்றைக் கொண்டுவந்து என் மில் வாசலில் வைத்துவிட்டு, "அண்ணாச்சி உசுரக் குடுத்து ஊரக் காப்பாத்திட்டாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தில் அவர்தானே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவர் கண்ணீர் உண்மை. முளைத்த பயிரைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட என் வீட்டுக்காரர் எப்போது வெளியே வருவார் என்று கேட்கவில்லை.

நான் குடோனுக்குப் போய் மழை வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் தலையணையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வந்த மழை நின்றுவிட்டால்? பயிர் பூக்கிற நேரம் இவர் டீக்கடையில் போய் உட்கார்ந்து, அதற்கப்புறம் ஒரு மாசம் தூறல் இல்லையென்றால் ஊர் இவரை என்ன செய்யும்? அவர் நல்லதுக்குத்தான் யோசித்தேன்.

"பூ எடுக்கட்டுங்க" என்றேன். பூ எடுத்தது. "காய் பிடிக்கட்டும்" என்றேன். பிறகு வெடிக்கட்டும் என்றேன். பிறகு பஞ்சு வீடு வந்து சேரட்டும் என்றேன். விவசாயத்தில் இந்த இடத்தில் முடிந்தது என்று ஓர் இடம் கிடையாது சார். ஒரு வெள்ளாமை முடிகிற இடத்தில் அடுத்த விதைப்பு நிற்கிறது.

அவரை நான் சும்மாவும் வைத்திருக்கவில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுவிடும் என்று பழைய பேப்பரைப் பிரித்துப்போடுகிற வேலை கொடுத்தேன். முன்னைவிட நன்றாகவே செய்தார். முதலில் அவர் கேட்டது முகச்சவரம். பிறகு அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். நானே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பிறகு அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு நாள் நான் வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்த குடோனின் பலகைக் கதவைத் தோளால் இடித்துப் பெயர்த்துவிட்டார். வாசலில் நின்று கண்ணைச் சுருக்கி வெயிலைப் பார்த்தார். களத்தில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள், செத்தவர் நடந்து வருவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "அண்ணாச்சி, உள்ள போங்க. இன்னும் களை எடுக்கல" என்றாள். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். பாருங்கள், ஊருக்கே சம்மதம்தான்.

பெயர்ந்து கிடந்த மரக்கதவைப் பார்த்ததும் ஜெயக்குமார் கேட்ட கோழிக் கொட்டகைக் கதவு ஞாபகம் வந்தது. அடக்கம் பண்ணிய கொடும்பாவிக்குப் போட்டதைவிட நல்ல கலவை போட்டேன். பருத்திமார் நாரை ஒரு அடுக்கு நெடுக்காக, ஒரு அடுக்கு குறுக்காக வைத்துப் பசையில் அழுத்திக் காயவைத்தேன். கீழே சோற்றுத் தட்டு போகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு, குடோன் சுவரில் கதவாக மாட்டினேன். அதைச் சோதிக்க எந்த மிஷினும் சரிப்படாது. மிஷின் ஒரே அளவில்தான் தள்ளும். முழு மனதோடு, விதவிதமாக, ஓய்ந்து ஓய்ந்து மறுபடியும் தள்ளுகிற ஒரு கனத்த ஆள்தான் சரியான சோதனை. அந்தச் சோதனையை அவர் எனக்காகச் செய்து கொடுத்தார். கல்யாணமானதிலிருந்து என் வேலையில் அவர் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை.

அடக்கம் முடிந்த பிறகுதான் சுபத்ரா மதினிக்குச் சேதி அனுப்பியிருந்தோம். தம்பிக்குத் திதி எந்த நாள் என்று கேட்டு வந்த அன்றுதான் அவர் களத்தில் நின்று திடீரென்று தலையைத் திருப்பினார்.

"ஏ கஸ்தூரி, இது எந்தம்பி தும்மல்ல?"

"செத்தவுக எங்கயாச்சும் தும்முவாகளா மதினி?" என்றேன்.

"நான் தூக்கி வளத்த புள்ள. அவன் தும்மல் எனக்குத் தெரியாதா?" என்று கூப்பாடு போட்டார். பெண்கள் அவரைச் சமாதானப்படுத்தி, மோர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள். அவர் நேரே உங்களிடம் வந்திருக்கிறார்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். போகலாம், நானும் வருகிறேன். ஆனால் கடப்பாரை எடுத்துக்கொண்டு போவதில் பிரயோசனம் இல்லை. கொதிக்கிற தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் வேண்டும், ஊறுவதற்கு நேரமும் வேண்டும். ரம்பம் இருந்தால் சுவரைத்தான் அறுக்க முடியும், கதவை முடியாது. ஜீப்புக்குச் சொல்லுங்கள். அது வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மதினியை பஸ் ஏற்றிவிட்டதற்கு மறுநாள், போன வாரம், ஜெயக்குமார் கதவைப் பார்க்க வந்திருந்தார். தட்டிப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்தும் ஆள் தள்ளுவதைப் பார்த்து, நல்ல ஏற்பாடு என்றார். எல்லாம் சரி, ஆனால் கீழே ஓட்டை இருக்கிறதே, ஓட்டை உள்ள கதவின் பலத்தை எப்படி ஒத்துக்கொள்வது என்று கேட்டார். கேட்டது நியாயம். ஒரு குடம் தண்ணீர் உள்ளே வைத்துவிட்டு, அதே கலவையால் ஓட்டையை அடைத்தேன். அடைத்த இடம் எது என்று இப்போது கையால் தடவினாலும் தெரியாது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் முதலில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். போதும் கஸ்தூரி என்றுகூட ஒருதரம் கேட்டது.

இப்போது எதுவும் கேட்பதில்லை. காது வைத்துப் பார்த்தேன் சார். இந்த அட்டை சத்தத்தைக்கூட இவ்வளவு நன்றாகத் தடுக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.